வாசகர் கேள்வி–பதில்: எழுந்து நடந்தால் படித்தது போய்விடுமா?

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மாலை 6 மணிக்கு மேசையில் அமர்ந்தால் இரவு 11 மணி வரை எழுவதில்லை. அதிகாலை 3 மணிக்கு நான் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவளையும் எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டே போகிறேன். இருந்தும் மறுநாள் கேட்டால் பாதி நினைவில்லை என்கிறாள். இடையிடையே எழுந்து ஓய்வெடுக்கட்டும் என்கிறாள் என் மனைவி. எழுந்தால் கவனம் சிதறும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதே பெரும்பாலும் சரி. நீங்கள் வருந்த வேண்டாம். உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று வெட்டிய மரத்தை நாளை நீங்கள் வெட்டுவதில்லை. நாள்தோறும் வெட்டினால் சில காலம் சிரட்டை நிறையும். பிறகு பட்டை வறண்டு, கத்தி பட்டாலும் பால் வராத நிலைக்கு மரம் போய்விடும் என்பதை எனக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். கத்தி படாத அந்த நாளில் மரம், வடிந்த பாலை மீண்டும் சுரந்துகொண்டிருக்கிறது. படித்து முடித்த பின்னர் மூளையும் இதைப் போன்ற ஒரு வேலையைச் செய்கிறது. ஒரு பாடத்தை மனப்பாடம் செய்தவுடன் இன்னொன்றைத் திணித்தால் முந்தையது குலைகிறது என்றும், நினைவு உறுதிப்படச் சிறிது நேரம் தேவை என்றும் ஜெர்மானிய உளவியலாளர்களான முல்லரும் பில்செக்கரும் 1900-லேயே எழுதினார்கள். 2012-இல் மிக்கேலா டீவரும் அவருடன் பணியாற்றியவர்களும் முதியவர்களுக்குக் கதை சொல்லிச் சோதித்தபோது, கேட்டபின் 10 நிமிடம் அமைதியாக இருந்தவர்களுக்கு அந்தக் கதை, உடனே கணினியில் படப்புதிர் விளையாட அமர்ந்தபோது கேட்ட கதையைவிட, ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவிருந்தது.

ஆகவே, மேசையை விட்டு எழுந்து கைப்பேசியில் காணொளி பார்ப்பதை நான் ஓய்வாகக் கருதமாட்டேன். அது கண்ணுக்கும் மனத்துக்கும் இன்னொரு பாடம். முற்றத்தில் நடப்பதும், அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பதும், சும்மா மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓய்வு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மழைக்குப் பஞ்சமில்லை.

இனி உங்கள் நியாயம். கணக்கின் நடுவில் எழுந்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், விட்டுவந்த கணக்கின் மிச்சம் வெட்டுவாயில் உறைந்த ஒட்டுப்பாலைப் போல மனத்தில் தங்கி, அடுத்த வேலையையும் கெடுக்கும். எனவே மணி அடித்ததற்காக எழாமல், ஒரு கணக்கோ ஒரு பகுதியோ முடிந்த இடத்தில் எழுவது நல்லது. நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் போதும். திரும்பி வந்ததும் புத்தகத்தைத் திறக்காமலே, படித்ததில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். மறுபடி வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த 3 மணிதான். உங்களை அந்நேரத்தில் எழுப்புவது மரம். விடியலுக்கு முன்தான் பால் நன்றாக ஓடும். மகளுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. இரவு 11 முதல் 3 வரை 4 மணி நேரம். அவள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். படித்தபின் உறங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்பது 1924-இல் ஜென்கின்சும் டாலன்பாக்கும் செய்த சோதனையில் தெரிந்தது. இரவு 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழட்டும். படிப்பு நேரம் குறைகிறதே என்று உங்கள் மனம் அடித்துக்கொள்ளும்; ஆனால் பாதி நினைவில்லாத படிப்பில்தான் இப்போது அந்த நேரம் போகிறது.

கேள்வி: 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு என்ற தக்காளி முறையை என் டியூஷன் மாணவர்கள் அனைவருக்கும் விதியாக்கலாமா? பொதுத்தேர்வில் 3 மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டியிருக்கிறதே?
— ஆசிரியை, தக்கலை

பதில்: பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், 1980-களின் இறுதியில் தம் மாணவப் பருவத்தில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படித்ததில் பிறந்த முறை அது. அவருக்குப் பொருந்திய அளவு எல்லாருக்கும் பொருந்த வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறக்கவே தயங்கும் மாணவனுக்கு 25 நிமிடம் நல்ல தொடக்கம். இயற்பியல் கணக்கில் ஆழ்ந்துவிட்ட மாணவியை அதே கடிகாரம் தொந்தரவு செய்யும்.

கற்பதும் தேர்வெழுதுவதும் வேறு வேறு வேலைகள் என்பதால், தேர்வுக்கான இருப்பைத் தனியே பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முழு மாதிரித் தேர்வை 3 மணி நேரமும் எழுந்திராமல் எழுதட்டும். அதன்பின் மாலை வரை யாரும் புத்தகத்தைத் தொட வேண்டாம். விடைத்தாளைத் திருத்தும் நீங்களும்தான்.