கொழும்புப் பட்டத்துக்காகக் காணியைக் கொடுக்காதீர்கள்

பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படித்தவர். மூன்று பாடமும் சித்தி, ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் சொப்ட்வெயர் பட்டம் படிக்கட்டும், பாதிக் காசு நான் தருகிறேன் என்கிறார் கனடா மாமா. மீதிக்குக் காணியில் ஒரு துண்டைக் கொடுக்கலாமா என்பது கேள்வி. பெடியன் அறுவடைக் காலம் முழுக்க ஊர் றைஸ் மில்லிலேயே நிற்பவர் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் காணியைக் கொடுக்காதீர்கள்.

வன்னியில் பல குடும்பங்களின் காணி எல்.டி.ஓ. பெர்மிற் காணி, அதாவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. அவசரத்தில் எழுதிக் கொடுக்கும் துண்டுக் கடதாசிகள் பின்னால் வழக்காகும். செலவையும் முழுதாகக் கூட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வருடக் கட்டணம் மட்டும். எல்லா வருடக் கட்டணமும், மீள்பரீட்சைக் கட்டணமும், முப்பத்தாறு மாதப் போர்டிங்கும் சாப்பாடும், மடிக்கணினியும் சேர்த்துத்தான் கணக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமென்றால் ஒரு பகுதியை ஸ்ரேலிங் பவுணில் கேட்பார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. இடையில் மாமாவுக்கு வேலை போனால் மீதி வருடங்களுக்கு யார் பொறுப்பு? உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் கொடுப்பதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25A பிரிவின் கீழ் அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். வர்த்தமானி அறிவித்தலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்ப ஏ.எல். எடுப்பது, வங்கிப் பரீட்சை, அரச வேலைக்குக் காத்திருப்பது பற்றியெல்லாம் சொந்தக்காரர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து ஏ-9 வீதியில் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அங்கே இருக்கின்றன. அதே இடத்தில்தான் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அங்கே உணவுத் தொழில்நுட்பமும் படிப்பிக்கிறார்கள். நிறுவனத்தில் பாடம், தொழிற்சாலையில் வேலைத்தலப் பயிற்சி, இரண்டுக்கும் சேர்த்து என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். என்.வி.கியூ.வில் ஏழு நிலைகள் உண்டு. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். டிப்ளோமா முடித்தவர், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இரத்மலானைத் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யுனிவொடெக்குக்கு, விண்ணப்பிக்கலாம். உணவுப் பதப்படுத்தலில் பட்டம் அங்கே உண்டு. பட்டத்துக்கான வழி இதிலும் திறந்திருக்கிறது என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். எந்த நிலையில் சேர்க்கிறார்கள் என்பது பாடநெறிக்குப் பாடநெறி மாறும், அதனால் விண்ணப்ப அறிவித்தலை வரி வரியாகப் படியுங்கள்.

இந்த வழி நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது ஓ.ஜே.ரி. என்று பெடியள் சொல்லும் அந்த வேலைத்தலப் பயிற்சிதான். நிறுவனம், மாணவர், மில்காரர் மூவரும் ஒரே கடதாசியில் கையெழுத்து வைத்தால் அது படிப்பு. வாய்ப்பேச்சில் விட்டால் ஆறு மாதமும் மூடை தூக்கி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தே முடியும். கடதாசியில் இருக்க வேண்டியவை: எத்தனை மாதம், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், மில்லில் பொறுப்பானவர் யார், விரிவுரையாளர் எப்போது வந்து பார்ப்பார், படிப்பணம் எவ்வளவு, விபத்துக் காப்புறுதி யாருடையது. பெல்ற்றும் கொதிகலனும் ஓடுகிற இடம், காப்புறுதி இல்லாமல் மகனை உள்ளே விடாதீர்கள். தினக்குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு கிழமையும் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், பொறுப்பாளர் வேலை மாறிப் போனதும் மதிப்பீட்டில் சிக்குப்படுகிறார்கள்.

காலமும் முக்கியம். நெல் மில்லில் படிக்க வேண்டியது காலபோக (பெரும்போக) அறுவடையில். பயிற்சி சித்திரையில் தொடங்கினால் அதைத் தவறவிடுவார். தை மாதத்துக்கு முன் தொடங்கும்படி கேளுங்கள்.

அங்கே என்ன செய்வார்? வெட்டு மெசினில் வரும் நெல்லில் ஈரம் இருபது வீதத்துக்கு மேல் இருக்கும். குற்றுவதற்குப் பதினான்கு வீதமளவுக்கு இறங்க வேண்டும். வீதியில் மெல்லிசாகப் பரப்பி உச்சி வெயிலில் காயவிட்டால் மணிக்குள்ளே வெடிப்பு விழுந்து மில்லில் குறுணலாகப் போகிறது. மகன் ஒவ்வொரு லொறி நெல்லிலும் மாதிரி எடுத்து ஈரமானியில் பார்க்கலாம், படையின் தடிப்பையும் கிளறும் இடைவெளியையும் மாற்றிக் காயவிடலாம். பிறகு குற்றிய அரிசியில் நூறு கிராம் எடுத்து, முழு மணியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்த மணிகளைப் பிரித்து நிறுக்கலாம். முறை சரியா என்று விவசாய பீடத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னால், எப்படிக் காயவிட்டால் குறுணல் குறையும் என்று மில்காரருக்குக் காசாகும் ஒரு விடை கிடைக்கும், மகனுக்கு நேர்முகத்தில் காட்ட ஒரு வேலை இருக்கும், பக்கத்து மில்லுக்கும் அது உதவும்.

மில்காரர் தயங்கலாம், கணக்கு வெளியே போகுமென்று. அதையும் ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதலாம்: உலர்த்தும் முறையும் அளவீடும் எல்லாருக்கும் பொது, கொள்வனவு விலையும் வாடிக்கையாளர் பெயரும் மில்லுக்கு மட்டும்.

மகனைக் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே அறிவியல்நகருக்குப் போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். பாடநெறி மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, முழுச் செலவு எவ்வளவு, சென்ற அணியினர் எந்த இடங்களில் பயிற்சி எடுத்தார்கள், அவர்களில் இருவருடன் பேச முடியுமா? மாமா உதவத்தான் விரும்பினால் ஈரமானி ஒன்றும் ஆங்கில வகுப்புக் காசும் கேளுங்கள். அவருடன் கதைக்கும்போது போனை மகனிடமும் கொடுங்கள்.