மூன்று மொழி, ஒரு கணக்கு

அன்புள்ள அண்ணா,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வகுப்பில், இணையதளம் செய்யும் பிஎச்பி என்ற நிரல்மொழி படிக்கிறேன். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் எச்டிஎம்எல்லுக்கு நடுவே பிஎச்பி எழுதினால் கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். லாரவெல் என்ற பிஎச்பி சட்டகத்தைப் படித்தால்தான் ஒழுங்கு வருமாம். பிஎச்பியையும் எச்டிஎம்எல்லையும் வேறு வேறு ஃபைலில்தான் வைக்க வேண்டுமா? நான் எழுதிய கோட் ஃபைலை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

தம்பி,

சிரிப்பவர்களை விடுங்கள். எச்டிஎம்எல்லுக்கு நடுவே உட்காருவது 1995இலிருந்தே பிஎச்பியின் பிறவிக்குணம். லாரவெல் எங்கும் ஓடிப்போகாது, பிறகு படிக்கலாம்.

ஆனால் உங்கள் ஃபைலைத் திறந்ததும் பழைய வெட்கம் ஒன்று வந்துவிட்டது. 2022 தொடக்கத்தில் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு விலைப்பட்டியல் தளம் செய்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று பக்கம். ஒன்றை முடித்து, இரண்டு பிரதி எடுத்து, சொற்களை மட்டும் மாற்றினேன். வற் வரி அப்போது 8 வீதம். டேபிளுக்குள்ளேயே விலையை 1.08ஆல் பெருக்கியிருந்தேன். ஜூனில் வரி 12 ஆனது, செப்டெம்பரில் 15. இரண்டு முறையும் மூன்று ஃபைலிலும் தேடித் தேடித் திருத்தினேன். 2024 ஜனவரி 1இல் 18 வந்தபோது தமிழ்ப் பக்கத்தை மறந்துபோனேன். முதலாளி திட்டவில்லை. தேநீர் வரவழைத்துவிட்டு, "உங்கட ஆட்களுக்கு மட்டும் விலைக்கழிவோ, தம்பி?" என்றார். திட்டியிருக்கலாம்.

நீங்கள் செய்திருப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு வரிசை அச்சாகும்போதும் உள்ளே ஒரு எஸ்கியூஎல் குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி, ஓடுகிறது. 200 பொருள் என்றால் 200 குவெரி. சாப்பாட்டு மேசையில் வைத்து யாராவது மீன் வெட்டுவார்களா?

ஃபைலின் தலையில் எல்லா வேலையையும் முடியுங்கள்: ஃபோர்மைச் சரிபார்ப்பது, தரவை எடுப்பது, வரி போடுவது. லாகின் இல்லாதவரை வேறு பக்கத்துக்கு அனுப்புவதும் அங்கேதான். அதற்கு முன் ஓர் எழுத்து, ஏன், ஒரு வெற்று வரி வெளியே போய்விட்டாலும் ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போகும் தகவல்) ஏற்கெனவே போய்விட்டது என்று பிஎச்பி முரண்டு பிடிக்கும். கீழே எச்டிஎம்எல் தொடங்கியபின் ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபோர்ஈச், அச்சிடும் எக்கோ, நிபந்தனை பார்க்கும் சின்ன இஃப், அவ்வளவுதான். எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாகக் காட்டவைக்கும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் மட்டும் எக்கோவோடு அங்கேயே இருக்கட்டும், அது காட்டுகிற இடத்து வேலை.

ஒரு பக்கம் என்றால் இவ்வளவும் ஒரே ஃபைலில் இருக்கலாம். இரண்டாவது மொழி வரும் அன்று தலையை வெட்டித் தனி ஃபைலாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ரிக்வயர் என்ற கட்டளை போட்டு அதை உள்ளே அழையுங்கள்.

சரி, முதலில் அந்தக் குவெரியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.