பழைய எல்டேப் சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றுதல்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பயனர் கணக்குகள் அனைத்தும் ஓப்பன் எல்டேப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர் மென்பொருள்) 2.4 பதிப்பில், எச்டிபி வகைத் தரவுத்தளத்தில் உள்ளன. புதிய கணினியில் 2.6 பதிப்பை நிறுவி, பழைய தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்தேன். சேவை தொடங்கவே இல்லை. எதையும் இழக்காமல் மாற்றுவது எப்படி?

பதில்: நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை, பழைய கணினியில் தரவு பத்திரமாகவே இருக்கிறது. எச்டிபி வகைத் தரவுத்தளம் 2.5 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், நீங்கள் நகலெடுத்த கோப்புகளைப் படிக்கும் நிரல்பகுதியே புதிய சர்வரில் இல்லை. இப்போது அதன் இடத்தில் இருப்பது எம்டிபி என்ற வகை. ஆகவே கோப்புகளைத் தூக்கிச் செல்லாமல், அவற்றில் உள்ள பதிவுகளை எல்டிஃப் என்னும் உரை வடிவில் எடுத்துச் சென்று புதிதாக ஏற்ற வேண்டும்.

பதிவுகளை எடுக்க, சர்வரிடம் கேட்டு வாங்கும் எல்டேப்சர்ச் கட்டளையைப் பலர் பயன்படுத்துகிறார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அணுகல் விதிகள் மறைப்பவற்றை அது தராது என்பதால் கடவுச்சொற்கள் விடுபடலாம்; 500 பதிவுகள் என்ற இயல்பான வரம்பில் பட்டியல் பாதியிலேயே நிற்கலாம். இவற்றைவிடப் பெரிய இழப்பு, ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் தானாக வழங்கியிருக்கும் என்ட்ரி யூயூஐடி என்ற அடையாளம் தனியாகக் கேட்டாலன்றி வராமல் போவதும், வந்தாலும் பதிவுகளைச் சேர்க்கும் வழக்கமான எல்டேப்ஆட் கட்டளை வழியே அதைத் திரும்ப ஏற்ற முடியாததும்தான். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கோப்புச் சேமிப்பு மென்பொருள்கள் பயனரை அந்த அடையாளத்தைக் கொண்டே நினைவில் வைத்திருக்கின்றன. அது மாறினால், பத்து ஆண்டுகளாகக் கோப்புகளைச் சேர்த்து வைத்தவர்கூட மறுநாள் காலை வெறுமையான புதிய கணக்கில் நுழைவார். அதற்குப் பதிலாக ஸ்லாப்கேட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது தரவுத்தளத்தை நேரடியாகப் படிப்பதால் இந்த அடையாளங்களும், கடவுச்சொற்களின் ஹாஷ் (உருமாற்றிச் சேமித்த) வடிவங்களும், உருவாக்கிய நேரங்களும் உள்ளபடியே கிடைக்கும். இறுதி நகலை எடுக்கும்போது மட்டும் பழைய சேவையை நிறுத்திவிடுங்கள். இடையில் யாரேனும் கடவுச்சொல்லை மாற்றினால் அந்த மாற்றம் புதிய இடத்துக்கு வந்து சேராது.

சர்வரின் அமைப்புகள் தனியாக, எண் 0 கொண்ட தரவுத்தளத்தில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். அதையும் ஸ்லாப்கேட் மூலம் எடுக்கலாம். ஆனால் பதிப்பு மாறுவதால் அப்படியே ஏற்ற முடியாது. எச்டிபி என்று வரும் இடங்களை எம்டிபி ஆக்கி, எச்டிபிக்கே உரிய கேஷ் அளவு போன்ற வரிகளை நீக்க வேண்டும். கடவுச்சொல் கொள்கைக்கான ஸ்கீமா (பதிவுகளில் என்னென்ன புலங்கள் இருக்கலாம் என்ற வரையறை) 2.5 முதல் அதன் மாட்யூலுக்குள்ளேயே அடங்கிவிட்டதால், பழைய ஸ்கீமாவையும் சேர்த்து ஏற்றினால் மோதல் வரும். என்னைக் கேட்டால், அமைப்பைச் சுருக்கமாகப் புதிதாக எழுதி, அணுகல் விதிகள், இண்டெக்ஸ்கள், நீங்களே உருவாக்கிய ஸ்கீமா ஆகியவற்றை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது. எம்டிபியின் உச்ச அளவு குறிப்பிடப்படாவிட்டால் 10 எம்பி மட்டுமே. ஏற்றும் வேலை நடுவில் நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. தாராளமாக 1 ஜிபி கொடுங்கள்.

பிறகு புதிய சேவை நின்றிருக்கும் நிலையில், அமைப்பை முதலிலும் தரவை அடுத்தும் ஸ்லாப்ஆட் கட்டளை கொண்டு ஏற்றுங்கள். இதை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் செய்தால் உருவாகும் கோப்புகள் ரூட்டின் பெயரிலேயே இருக்கும். அவற்றின் உரிமையை எல்டேப் சேவையின் கணக்குக்கு மாற்றிய பிறகே சேவையைத் தொடங்க வேண்டும். இரு கணினிகளிலும் ஸ்லாப்கேட் தரும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒருசிலரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைந்தும் பாருங்கள். ஹாஷ்களைச் சுமந்துள்ள எல்டிஃப் கோப்புகளை ரூட் மட்டுமே படிக்குமாறு வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

மற்ற கணினிகள் சர்வரை ஒரு பெயரால் அழைத்தால், பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பினால் போதும். முந்தைய நாளே அதன் டிடிஎல் மதிப்பை (பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். இணைப்பைப் பாதுகாக்கும் புதிய டிஎல்எஸ் சான்றிதழிலும் அதே பெயர் இருக்க வேண்டும். ஆனால் ஏதேனும் ஒரு பிரிண்டரிலோ பழைய மென்பொருளிலோ ஐபி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கக்கூடும். ஆகவே எல்டேப் சேவையை நிறுத்தினாலும் பழைய கணினியைச் சில நாட்கள் அணைக்காமல் வைத்து, எல்டேப் பயன்படுத்தும் 389, 636 போர்ட்டுகளுக்கு இன்னும் யார் வருகிறார்கள் என்பதை அதன் ஃபயர்வால் பதிவேட்டில் பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பெயருக்கு மாற்றுங்கள்.