அனதோலியும் மாமொனோவும் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் திரையிடலில் ருஷ்ய இயக்குநர் பாவெல் லுங்கினின் ‘தீவு’ பார்த்தோம். கரி அள்ளும் அந்தத் துறவி அனதோலியின் முகம் இரண்டு நாட்களாகக் கண்ணை விட்டுப் போகவில்லை. படம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், அந்த நடிகர் சோவியத் காலத்து ராக் பாடகர் என்றார். வீட்டுக்கு வந்து தேடி ஒரு பழைய வீடியோவைப் பார்த்தேன். கோட்டு போட்ட ஒரு ஆள் வலிப்பு கண்டவர் போல மேடையில் உதறிக்கொண்டு நிற்கிறார். இவரா அவர்? இடையில் பக்தராகி, பழையதை எல்லாம் விட்டுவிட்டுத்தான் இந்தப் படத்தில் நடித்தாரா? எனக்கென்னவோ நம் சித்தர்கள் நினைவுக்கு வந்தார்கள். படத்தின் இசையும் அவருடையதா? அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத முடியுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அவரேதான். பியோத்தர் மாமொனோவ். 1951இல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா பொறியாளர், அம்மா ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து மொழிபெயர்ப்பவர். மகனுக்கும் நோர்வே மொழி தெரியும், கவிதைகள் மொழிபெயர்த்திருக்கிறார். ஆனால் பிழைப்புக்கு லிஃப்ட் இயக்கினார், மூட்டை தூக்கினார், ஒரு சிறுவர் பத்திரிகை அலுவலகத்திலும் கொஞ்ச காலம் இருந்தார். குடி, அடிதடி எல்லாம் உண்டு. ஒரு சண்டையில் நெஞ்சில் குத்துப்பட்டு மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர்.

1980களின் தொடக்கத்தில் அவருடைய ராக் குழுவான ‘ஸ்வூக்கி மூ’ உருவானது. கிதார் வாசித்தது அவருடைய தம்பி அலெக்ஸெய் போர்த்னிச்சுக் (அம்மா ஒருவர், அப்பா வேறு), பாஸ் கிதார் சிறுவயதுத் தோழர் அலெக்சாந்தர் லிப்னித்ஸ்கி. 1984இல் மாஸ்கோவின் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் கச்சேரி. நீங்கள் பார்த்த வீடியோ எதுவென்று தெரியாது, ஆனால் எதைப் பார்த்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான். ராக் பாடகர் என்றால் நமக்குத் தோல் சட்டையும் நீள முடியும் நினைவுக்கு வரும். மாமொனோவ் மேடைக்கு வந்தது சாதாரண சோவியத் குமாஸ்தாவைப் போல. கோட்டு, படிய வாரிய தலை. பாட்டு ஆரம்பித்ததும் அந்தக் குமாஸ்தா உள்ளே இடிந்துபோவது உடம்பில் தெரியும். ஒரு கால் தன்பாட்டில் நடுங்கும், கழுத்து விறைக்கும், வாய் கோணும், திடீரென்று தரையில் விழுவார். பாடுவதைவிட முனகுவதும் கெஞ்சுவதும் அதட்டுவதும்தான் அதிகம். பாட்டுகளில் ஈ, பத்திரிகைக் கடை, குடித்துவிட்டு வீடு திரும்பும் கணவன், இப்படியான ஆட்கள், பொருட்கள். புரட்சி கிடையாது, அறைகூவல் கிடையாது. அதனாலேயே அதிகாரிகளுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியாமல் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எதிர்க்கிறவனைத் தடை செய்யலாம், அசிங்கமாக முனகுகிறவனை எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது?

அவருடைய பாட்டுகளில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது ஒரு சாம்பல் புறாவைப் பற்றியது. நான் அழுக்கு, நான் நோயாளி, உன்னைவிட மோசமானவன், யாருக்கும் வேண்டாதவன், குப்பை என்று அந்தப் புறா தன்னைத் தானே வைதுகொண்டே போகும். கடைசியில், ஆனாலும் எனக்குப் பறக்கத் தெரியும் என்று சொல்லும். இப்போது ‘தீவு’ படத்தின் அனதோலியை நினைத்துப் பாருங்கள். தன்னைவிடக் கேடுகெட்டவன் உலகில் இல்லை என்று நம்புகிற ஒருவன். 1942இல் ஜெர்மானியர்களிடம் சிக்கி, உயிருக்குப் பயந்து தன் கேப்டனையே சுட்டவன். முப்பத்துச் சொச்சம் வருடம் கரித்தூளில் படுத்து அழுகிறவன். ஆனால் அவனிடம்தான் நோயாளிகள் படகேறி வருகிறார்கள். பாட்டு 80களில் வந்தது, படம் 2006இல். ஆகவே பழையதை விட்டுவிட்டாரா என்று கேட்டால், இல்லை என்பேன். அந்தப் பழையதைத்தான் லுங்கின் கேமரா முன்னால் வைத்தார். மாமொனோவ் பெரும்பாலும் தன்னையே நடித்தார் என்று லுங்கினும் சொல்லியிருக்கிறார்.

உடம்பை வைத்தே இதைப் பார்க்கலாம். அனதோலி சேவல் போலக் கூவுகிறான், கோயிலில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க இவன் வேறு பக்கம் திரும்பி நிற்கிறான். மடத்தின் தலைவர் பிலாரெத்தைக் கொதிகலன் அறையில் புகையில் திணறடித்து, அவருக்குப் பிடித்த பூட்ஸைத் தூக்கி நெருப்பில் போடுகிறான். பயிற்சி பெற்ற நடிகர் ஒருவர் இதைச் செய்திருந்தால் ‘பார், பைத்தியம் மாதிரி செய்கிறேன்’ என்று ஒரு சின்ன அறிவிப்பு எங்காவது தெரிந்துவிடும். மாமொனோவிடம் அது இல்லை. மேடையில் இருபது வருடம் இதையே செய்தவர்.

சித்தர் ஒப்பீட்டை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். ருஷ்ய மரபில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. ‘யுரோதிவி’ என்பார்கள். கிறிஸ்துவுக்காகப் பைத்தியக்காரனாக ஆனவர்கள். பனியில் கந்தலோடு திரிந்து, சந்தையில் கலாட்டா செய்து, அரசன் முகத்துக்கு நேரே உண்மை சொல்கிறவர்கள். செஞ்சதுக்கத்தில் வெங்காய வடிவக் கோபுரங்களோடு நிற்கிறதே, அந்தத் தேவாலயம் வசீலி என்ற யுரோதிவியின் பெயரால்தான் அறியப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ருஷ்யாவை ஆண்ட இவான் பேரரசன் அவருக்கு அஞ்சினான் என்று கதை. சித்தருக்கு இதில் பாதிதான் பொருந்தும். யுரோதிவி பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை, தன் அவமானத்தையே எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்டுகிறவர்.

அப்புறம் அந்தக் கொதிகலன் அறை. நமக்கு அது ஒரு துறவியின் தவச்சாலை, அவ்வளவுதான். ருஷ்யப் பார்வையாளருக்கு அதில் இன்னொன்றும் தெரியும். சோவியத் நாட்டில் வேலை இல்லாமல் இருப்பதே குற்றம். 1964இல் கவிஞர் ப்ராட்ஸ்கியை ஒட்டுண்ணி என்று சொல்லித் தண்டித்தது அந்தச் சட்டத்தின்படிதான். ஆகவே கவிஞர்களும் ராக் பாடகர்களும் காவலாளி, கொதிகலன் ஆள் என்று எதிலாவது ஒட்டிக்கொண்டார்கள். ஊருக்கு வெந்நீர் போகும், இரவெல்லாம் கிதார் வாசிக்கலாம். ‘கினோ’ குழுவின் விக்டர் சோய் லெனின்கிராடில் அப்படி ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளியவர், இன்று அந்த இடமே நினைவகம். பழைய ராக் பாடகர் ஒருவரை மண்வெட்டியோடு கொதிகலன் முன்னால் நிறுத்தும்போது அந்தத் தலைமுறை முழுவதும் பின்னால் வந்து நிற்கிறது. லுங்கின் இதைத் திட்டமிட்டாரோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

சோயும் மாமொனோவும் ஒரே படத்தில் எதிரெதிராக நடித்திருக்கிறார்கள். 1988இல் ரஷீத் நுக்மானோவ் கஸாக்ஸ்தானில் எடுத்த ‘ஊசி’. சோய் கதாநாயகன், மாமொனோவ் போதைமருந்து விற்கும் டாக்டர். சோய் ஒன்றுமே செய்வதில்லை, நடக்கிறார், நிற்கிறார், அழகாக இருக்கிறார். மாமொனோவ் சிரிக்கிற சிரிப்பில் நமக்கு முதுகு சில்லிடும். சோய் 1990 ஆகஸ்டில் லாத்வியாவில் கார் விபத்தில் இறந்தார், வயது 28. அவருக்குக் கிடைத்த புராணம் மாமொனோவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வயதாகிற வாய்ப்பு கிடைத்தது, நடிகனுக்கு அது பெரிய விஷயம்.

இடையில் ஒரு வெளிநாட்டு அத்தியாயமும் உண்டு. 1989இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தயாரித்து ‘ஸ்வூக்கி மூ’வின் ஒரு ஆல்பம் மேற்கில் வெளியானது, சுற்றுப்பயணமும் போனார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. முதல் குழுவும் அதோடு கலைந்தது.

அடுத்த வருடமே லுங்கினின் ‘டாக்ஸி ப்ளூஸ்’. கான் விழாவில் லுங்கினுக்குச் சிறந்த இயக்குநர் விருது. மாமொனோவ் அதில் குடிகார சாக்ஸபோன் கலைஞர். வாடகை கொடுக்காமல் டாக்ஸியிலிருந்து நழுவ, டிரைவர் தேடிப் பிடித்து சாக்ஸபோனைப் பிடுங்கிக்கொள்கிறார். அங்கிருந்து இரண்டு பேருக்கும் நடுவே வெறுப்பும் ஒட்டுதலும். இன்றுவரை எனக்கு அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இதுதான், ‘தீவு’ இரண்டாவது.

90களின் நடுவில் அவர் மாஸ்கோவை விட்டு வெரேயா பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தது அங்கேதான், நாற்பது வயதைத் தாண்டி. அதனால் நீங்கள் சொல்லும் மாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் மாஸ்கோவுக்கு வந்து தனியாளாக மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார், ஆல்பங்கள் போட்டார், 2015 வாக்கில் பழைய பெயரிலேயே புதுக் குழு சேர்த்தார். பாட்டைப் பாவம் என்று ஒதுக்கியவர் செய்கிற காரியமா இது?

அவருடைய உபதேசங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தேடினால் எப்படியும் உங்கள் கண்ணில் படும். ‘தீவு’ வந்தபின் ஆட்கள் அவரை நிஜமாகவே சாமியாராக்கிவிட்டார்கள். அவரும் பேட்டி பேட்டியாக வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சில வரிகள் பளிச்சென்று இருக்கும், பல வெறும் அதட்டல். எனக்கு அந்த மாமொனோவிடம் பொறுமை கிடையாது. அனதோலி வாயைத் திறந்து அறிவுரை சொல்கிற காட்சிகளைவிட, தான்தான் அந்தத் துறவி என்று காட்டிக்கொள்ளாமல், பெரியவர் உள்ளே இருக்கிறார் என்று வந்தவர்களை ஏமாற்றும் காட்சிதானே நமக்குப் பிடிக்கிறது?

2009இல் லுங்கினே எடுத்த ‘ஜார்’ படத்தில் அவர் இவான் பேரரசன். யுரோதிவிகளுக்கு அஞ்சிய அதே ஆள். எதிரில் நடிகர் ஒலெக் யன்கோவ்ஸ்கி, யன்கோவ்ஸ்கிக்கு அதுதான் கடைசிப் படம். அனதோலியின் அதே முனகல், அதே பிரார்த்தனை, ஆனால் இந்த முறை கையில் அதிகாரம் இருக்கிறது. ‘தீவு’ பார்த்த சூட்டோடு பார்த்தால் பயமாக இருக்கும். படம் முழுமையானதல்ல, இரண்டாம் பாதி வதைக் காட்சிகளாலேயே நிரம்பிவிடுகிறது. மாமொனோவுக்காகப் பார்க்கலாம்.

2021 ஜூலையில் கொரோனாவில் இறந்தார். எழுபது வயது.

‘தீவு’ படத்தின் இசை அவருடையதல்ல, விளாதிமிர் மார்த்தினோவ் அமைத்தது. படங்களை ‘டாக்ஸி ப்ளூஸ்’, ‘ஊசி’, ‘ஜார்’ என்ற வரிசையில் பாருங்கள். பாட்டுகளை ஆல்பமாகக் கேட்டுத் தொடங்க வேண்டாம், மொழி தெரியாமல் கேட்டால் அலுத்துவிடும். 80களின் மேடைப் பதிவுகள் கிடைத்தால் பாருங்கள், ஒலி மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் திரையிடலில் அடுத்து ‘டாக்ஸி ப்ளூஸ்’ போடச் சொல்லலாம்.