கணினி அணைந்திருந்தபோது தவறிய பணியை க்ரான் பிறகு செய்யுமா?

செங்கோட்டையில் மிளகுக் கடை நடத்தும் நீங்கள், லினக்ஸ் கணினியில் இரவு 2 மணிக்குக் கணக்குக் கோப்புகளை நகலெடுக்குமாறு, குறித்த நேரத்தில் பணிகளைத் தானாகச் செய்யும் க்ரான் என்ற நிரலில் அமைத்திருந்தும், சாரல் காலத்து மின்வெட்டு இரவுகளில் நகல் உருவாகாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். க்ரான் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் அட்டவணையைப் பார்க்கும்; குறித்த நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால், தவறிய பணியை அது பிறகு தேடிச் செய்வதில்லை. உங்களுக்கு ஏற்றது அனாக்ரான் என்ற மற்றொரு நிரல் என்பதே என் கருத்து. அது ஒவ்வொரு பணியும் கடைசியாக நடந்த தேதியைத் தனிக் கோப்பில் குறித்து வைத்து, கணினி மீண்டும் இயங்கியபின், நீங்கள் சொன்ன சில நிமிடத் தாமதத்தோடு, விடுபட்டதை நிறைவேற்றும். மூன்று நாள் தவறியிருந்தாலும் ஒருமுறைதான் செய்யும். நகலெடுப்புக்கு அது போதும். ஆனால் அது நாள் கணக்கில் மட்டுமே இயங்குவதால், மணிக்கொருமுறை செய்யவேண்டிய பணிகளைக் க்ரானிலேயே விட்டுவிடுங்கள்.