பின்சீட்டில் இன்னொருவருக்கு இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. வீட்டில் வேகமான சொகுசுக் கார் இருக்கிறது, அதில் நான்கு பேர்தான் உட்கார முடியும், குடும்பம் பெரிதாகிவிட்டது, பின்னால் இன்னொரு சீட் போட முடியுமா என்கிறார்கள். நீங்கள் சீட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் பெரும்பாலும் பெல்ட்டைப் பற்றித்தான் பதில் சொல்லப்போகிறேன். ஏன் என்பது இரண்டாவது கேள்வியில் புரியும்.

எங்களிடம் முதல் தலைமுறை ஆடி ஏ7 இருக்கிறது, நான்கு சீட். மூன்றாவது குழந்தை வரப்போகிறது. ஐந்து சீட் ஏ7 ஒன்றின் பின்சீட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கி மாட்டலாமா சார்? (ஜெர்மனி)

முதலில் வாழ்த்துகள். உங்கள் கார் "முடியும்" என்று சொல்லக்கூடிய வகையைச் சேர்ந்தது. 2010-இல் ஏ7 வந்தபோது பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். பின்னாளில் அதே காருக்கு மூன்று பேர் அமரும் பின்சீட்டும் விருப்பத் தேர்வாக வந்தது. அதாவது தயாரிப்பாளரே இந்தக் காரின் ஐந்து சீட் வடிவத்தைச் சோதித்து, அனுமதி வாங்கி விற்றிருக்கிறார். இந்த வேலைக்கு ஆதாரமே அதுதான்.

ஆனால் மெத்தையை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பின்கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி மேலே திறக்கும் இந்த மாதிரிக் கார்களில் நடுப் பெல்ட்டின் ரீல் பெரும்பாலும் சீட்டின் முதுகுச் சாய்வுக்குள்ளேயே இருக்கும். விபத்தில் நடுவில் இருப்பவரின் தோளை இழுத்துப் பிடிப்பது அந்தச் சாய்வின் இரும்புச் சட்டமும் அதைக் காரின் உடலோடு பூட்டும் கொக்கியும்தான். நான்கு சீட் காரின் சாய்வு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே சாய்வு, அடிச்சீட், நடுப் பெல்ட், பக்கிள்கள், நடு ஹெட்ரெஸ்ட் எல்லாம் ஒரு தொகுப்பாக வர வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பின்பக்கத் தரைத் தகட்டின் பாக எண் நான்கு சீட்டுக்கும் ஐந்து சீட்டுக்கும் ஒன்றுதானா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு பின்சீட்டைக் கழற்றி, நடு பக்கிள்களுக்கான மரையிட்ட துளைகள் தரையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். துளை போட்டுச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சீட்டைப் பழையதாக வாங்கலாம். பெல்ட்டையும் பக்கிளையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். விபத்தில் ஒருமுறை சுமை தாங்கிய பெல்ட்டின் நாடா நீண்டிருக்கும், அது வெளியே தெரியாது. வேலை முடிந்ததும் ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை யூனிட்டில் கோடிங் மாற்ற வேண்டும். அதன்பின் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ட்யூஃப் அல்லது டெக்ரா அமைப்பின் பொறியாளரிடம் காட்டி, வாகனப் பதிவுத்தாளில் எஸ்.1 என்ற கட்டத்தில் 4 என்பதை 5 ஆக மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் காரின் இயக்க அனுமதியே கேள்விக்குள்ளாகும், இன்சூரன்ஸும் சிக்கலாகும். வேலையைத் தொடங்கும் முன்பே அந்தப் பொறியாளரிடம் போய்ப் பேசிவிடுவது நல்லது. எல்லாம் மாட்டிய பிறகு போனால், சரிபார்க்கச் சீட்டைத் திரும்பக் கழற்றச் சொல்வார்கள்.

இன்னொன்று. மூன்று குழந்தைகள் என்றீர்கள். சைல்ட் சீட் ஒன்று சுமார் 44 செ.மீ. அகலம் வரும். மூன்றுக்கு 132 செ.மீ. வேண்டும். ஏ7-இன் நடு இருக்கை குறுகலானது. டேப் எடுத்து உங்கள் சைல்ட் சீட்டுகளை வைத்தே அளந்து பாருங்கள். இந்த ஒரு அளவிலேயே பலருடைய திட்டம் கைவிடப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் 2012 மெர்சிடிஸ் சிஎல்எஸ் செடான். பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு மெத்தையும் இடுப்பு பெல்ட்டும் போட்டுத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். என் அம்மா மெலிந்தவர், ஊருக்குள் மட்டும்தான் போவோம். போதாதா?

போதாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெல்ட்டின் ஆங்கர், அதாவது பெல்ட்டைக் காரின் உடலோடு பூட்டும் இடம், எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஐ.நா. ஒழுங்குமுறை 14 சொல்கிறது. மூன்று முனைப் பெல்ட்டுக்கான சோதனையில் தோள் பகுதியை 13,500 நியூட்டனும் இடுப்புப் பகுதியை 13,500 நியூட்டனும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,375 கிலோ தொங்குவதற்குச் சமம். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் சுமை குறையும் என்று நினைக்காதீர்கள். அதற்கு 22,250 நியூட்டன், ஏனென்றால் தோளுக்கு வேறு பிடி இல்லை. அமெரிக்க விதியில் மூன்று முனைப் பெல்ட்டுக்கு 3,000 பவுண்டு, இடுப்பு பெல்ட்டுக்கு 5,000 பவுண்டு. இரண்டு விதிகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. மனித உடலும் மோதலும் எங்கேயும் ஒன்றுதானே.

இவ்வளவு சுமையைத் தாங்க, ஆங்கர் இருக்கும் இடத்தில் தகடு தடித்திருக்கும், பின்னால் வலுவூட்டும் துண்டு வெல்டு செய்திருக்கும், அது குறுக்குச் சட்டத்தோடு இணைந்திருக்கும். உங்கள் காரில் நடுவே அப்படி எதுவும் இல்லை. முன்பு ஒரு நான்கு சீட் கார் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் நடுவில் பெல்ட் போட்டிருந்தார்கள். கம்பளத்தைத் தூக்கினேன். சாதாரணத் தரைத் தகட்டில் ஒரு துளை, ஒரு போல்ட், அடியில் ரூபாய் நாணயம் அளவு வாஷர். பெல்ட்டைப் பிடித்துக் கையால் இழுத்தபோதே தகடு மேலெழும்பியது. அந்த இடத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பல மாதங்களாகப் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவது அதனால்தான்.

ஊருக்குள் மட்டும் என்கிறீர்கள். 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் அம்மாவின் உடல் தன் எடையைப் போல இருபது மடங்குக்கு மேல் பெல்ட்டை இழுக்கலாம். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அந்த விசை முழுவதும் அடிவயிற்றிலும் முதுகெலும்பிலும் விழும். வயதான எலும்பு அதைத் தாங்காது.

அதே தலைமுறையின் ஷூட்டிங் பிரேக்கில் ஐந்து சீட் உண்டு, அதன் பாகங்களைப் போடலாமே என்று அடுத்துத் தோன்றும். வேண்டாம். அது எஸ்டேட் உடல், பின்பக்க அமைப்பே வேறு. சிஎல்எஸ் செடானுக்கு ஐந்தாவது சீட் முதன்முதலாக வந்தது மூன்றாம் தலைமுறையில்தான். அம்மாவுக்காக என்றால், அந்தத் தலைமுறையில் பழைய கார் ஒன்றைத் தேடுங்கள்.

போர்ஷே பனமேரா ஸ்போர்ட் டூரிஸ்மோவில் பின்னால் தனித்தனி மின் சீட்டுகள் வைத்திருக்கிறேன். 4+1 ஆக, அதாவது பின்னால் நடுவில் குறுகலான ஐந்தாவது இடத்தோடு, மாற்ற முடியுமா?

முடியும் என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பனமேரா 2009-இல் நான்கு தனி சீட்டோடுதான் வந்தது. 2017-இல் ஸ்போர்ட் டூரிஸ்மோதான் பின்னால் மூன்று பேருக்கு இடம் தந்த முதல் பனமேரா. அதனால் உங்கள் உடலமைப்பில் வழி இருக்கிறது. ஆனால் மின் சீட்டின் மோட்டார்கள், ஒயரிங், நடு கன்சோல் எல்லாவற்றையும் கழற்றி, 4+1 தொகுப்பு முழுவதையும் புதிதாக வாங்க வேண்டும். உங்கள் காரை விற்று 4+1 கார் வாங்கும்போது ஏற்படும் விலை வித்தியாசத்தையும் இந்தச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். முதல் தலைமுறைப் பனமேரா வைத்திருக்கும் இன்னும் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வழி இல்லை, மன்னிக்கவும்.

போர்ஷே 911 வாங்கினேன், பின்சீட்டே இல்லை! பிறகு போட்டுக்கொள்ளலாமா?

எந்த 911 என்று எழுதவில்லை. 2024-இல் வந்த புதுப்பிப்புக்குப் பின் 911 கூப்பே இரண்டு சீட்டோடுதான் வருகிறது. கேட்டால் பின்சீட் கூடுதல் விலை இல்லாமல் தருவார்கள். ஆர்டர் செய்யும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட மறந்தவர்கள் நிறைய. உங்களுடையது அதுவாக இருந்தால் டீலரிடம் அதிகாரப்பூர்வமாகப் பொருத்தும் வழியைக் கேளுங்கள். பெல்ட்டும் பதிவுத்தாள் மாற்றமும் சேர்ந்தே வர வேண்டும்.

911-இன் பந்தயப் பாணி வகையான ஜிடி3 என்றால் கதை வேறு. பல ஆண்டுகளாக ஜிடி3-க்குப் பின்சீட் கிடையாது. 2024 அக்டோபரில் அறிமுகமான ஜிடி3 டூரிங்கில்தான் முதல்முறையாகப் பின்சீட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அதற்கு முந்தைய ஜிடி3-இல் போட நினைக்காதீர்கள். பின்னால் ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இருக்கும் காரில் சீட் போடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருக்கவே கூடாது.

நான் கேட்டும் இங்கே எந்தப் பட்டறையும் என் காரில் கூடுதல் சீட் போட மாட்டேன் என்கிறது. காசு கொடுக்கிறேன் என்றாலும் மறுக்கிறார்கள். (அமெரிக்கா)

அவர்கள் மறுப்பது சரிதான். தயாரிப்பாளர், டீலர், பழுதுபார்க்கும் தொழில் செய்பவர் யாரும் வாகனத்தில் இருக்கும் பாதுகாப்பு அம்சத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று அங்கே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. சீட், பெல்ட், ஆங்கர் மூன்றுக்கும் 207 முதல் 210 வரையிலான தனித்தனித் தரவிதிகள் உண்டு. உரிமையாளர் தன் கையால் செய்வதை அந்தக் கூட்டாட்சித் தடை நேரடியாகத் தொடாது. அதனால் "நானே வீட்டில் போட்டுக்கொள்கிறேன்" என்று தோன்றலாம். சட்டம் விட்டாலும் மேலே சொன்ன 3,000 பவுண்டு விடாது.

உங்கள் நாட்டில் வேறு வழி இருக்கிறது. மெர்சிடிஸ் ஈ63 ஏஎம்ஜி எஸ்டேட்டை அங்கே டிக்கியில் பின்னோக்கிய மூன்றாம் வரிசையோடு விற்றார்கள். 500 குதிரைத்திறனைத் தாண்டிய, ஏழு பேர் போகக்கூடிய கார் அது. குழந்தைகள் பின்னால் போகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே வரலாம்.

டெஸ்லா மாடல் எஸ்-இல் குழந்தைகளுக்கான பின்னோக்கிய சீட்டுகள் பழையதாகக் கிடைக்கின்றன. வாங்கிப் போடலாமா?

ஒரு விஷயத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அந்தச் சீட் வைத்து ஆர்டர் செய்த கார்களுக்குப் பின்னால் இரட்டை பம்பர் போட்டதாக டெஸ்லாவே 2013-இல் தன் பாதுகாப்பு அறிக்கையில் சொன்னது. நெடுஞ்சாலை வேகத்தில் யாராவது பின்னால் மோதினால் குழந்தைகளின் கால்தான் முதலில் மாட்டும். அதற்காகத்தான் அந்த இரண்டாவது பம்பர். விற்பனைக்கு வருவது சீட் மட்டும். பம்பர் இல்லாத காரில் அந்தச் சீட்டைப் போட்டால் குழந்தைகளை மோதும் இடத்திலேயே உட்கார வைத்த மாதிரி.

சீட் கூடினால் டயரும் மாற்ற வேண்டுமா?

நல்ல கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. ஐரோப்பியக் கணக்கில் ஒரு பயணிக்கு 75 கிலோ. அந்த எடையில் பெரும்பகுதி பின் அச்சில்தான் விழும். பதிவுத்தாளில் பின் அச்சின் அதிகபட்சச் சுமையைப் பாருங்கள், அதைத் தாண்டக் கூடாது. அப்புறம் டயர் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டைப் பாருங்கள். 98 என்றால் ஒரு டயருக்கு 750 கிலோ, 100 என்றால் 800 கிலோ, 103 என்றால் 875 கிலோ. அழகுக்காகப் பெரிய ரிம் போட்டு, குறைந்த குறியீட்டு டயர் மாட்டியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். முழு ஆள், முழு டிக்கி என்றால் காற்றழுத்தமும் கூட வேண்டும். கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் அந்த எண் தனியாக இருக்கும்.

சென்னையில் இதைச் செய்தால் ஆர்டிஓ ஒப்புக்கொள்வாரா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. சீட் எண்ணிக்கை அந்த விவரங்களில் ஒன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வந்தது. ஆகவே வாங்கும்போதே ஐந்து சீட் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நான் பத்தாம் வகுப்பு. எங்கள் போர்ஷே டைகான் மின்காரில் 4+1 சீட். நடுவில் எப்போதும் நான்தான். முட்டி மேலே நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது. அப்பா "அது அப்படித்தான்" என்கிறார்.

அப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதப்பா. டைகானின் பேட்டரி தரைக்கடியில் இருக்கிறது. ஓரத்தில் உட்காருபவர்களுக்குக் கால் வைக்க அந்த பேட்டரியிலேயே பள்ளம் விட்டிருக்கிறார்கள். நடுவில் அந்தப் பள்ளம் இல்லை. அதனால் உன் முட்டி உயர்வது உன் குற்றம் இல்லை. நடு இடம் குறுகிய தூரத்துக்கு என்று நினைத்துச் செய்ததுதான். வீட்டில் உன்னைவிடக் குட்டையானவர் ஓரத்தில் இருந்தால், சைல்ட் சீட் தேவையில்லாத வயதும் உயரமும் அவருக்கு வந்திருந்தால், இடம் மாற்றிக்கொள்ளச் சொல். இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடக்கச் சொல். நடு ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்துவிட்டு உட்கார். கால் வலிக்கிறது என்று சரிந்து படுக்காதே, இடுப்புப் பகுதி பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். பெல்ட் இடுப்பெலும்பில் படியும்படி நேராக உட்கார். இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டு.