கண்ணில் பழுப்புத் திட்டு, இமையில் கட்டி

கேள்வி: எனக்கு 44 வயது. இரண்டு கண்ணிலும் கருவிழியைச் சுற்றி வெள்ளைப் பகுதியில் பழுப்பாகப் படர்ந்திருக்கிறது. பல வருஷமாகவே உண்டு. நெட்டில் கண் புற்றுநோய் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. 67 வயதாகும் என் மாமியாருக்கும் மேல் இமையில் ஒரு கட்டி, இரண்டு தடவை கீறி எடுத்தும் அதே இடத்தில் வந்திருக்கிறது. சூட்டுக் கட்டிதான் என்கிறார். நான் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் கண். இரண்டு பக்கமும், தட்டையாக, கருவிழி ஓரத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும், வருஷக்கணக்கில் மாறாமல் இருக்கிறது என்றால் அநேகமாக அது தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான். மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு இது சர்வ சாதாரணம். ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும், பிறகு மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே கண்ணில், நடுவயதுக்கு மேல் புதிதாகத் தோன்றி, மேடாகி, தடித்த ரத்தக் குழாய்கள் அதைத் தேடி வருகிற மாதிரி இருந்தால் அது வேறு கதை. கறுப்பாக இருந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. கருவிழி ஓரத்தில் வெள்ளையாக, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி பளபளவென்று வளர்வதைச் சாதாரண சதை வளர்ச்சி என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டே காலத்தைக் கடத்துகிறவர்கள் உண்டு.

சரி, எனக்குக் கவலை உங்கள் மாமியாரைப் பற்றித்தான். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வியே அதுதான். இமைக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, அதிலும் மேல் இமையில் அதிகம். அவை அடைத்துக்கொண்டால் வரும் கட்டி ஒன்றும் செய்யாது, வெந்நீர் ஒத்தடத்திலேயே கரைவதும் உண்டு. ஆனால் அதே சுரப்பியில் வரும் புற்றுநோயும் ஆரம்பத்தில் அச்சாக அப்படியே இருக்கும், வலியும் இருக்காது. வெள்ளைக்காரர்களிடம் அபூர்வமான இந்த வகை, நம் நாட்டு இமைப் புற்றுநோய்களில் அடிக்கடி பார்ப்பது. வயதானவருக்கு, எடுத்த இடத்திலேயே திரும்ப வருகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். கட்டி இருக்கும் இடத்தில் இமைமுடி கொட்டியிருக்கிறதா, அந்த ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

கீறி எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா? இல்லையென்றால் இனி யாரும் சும்மா கீறிவிட வேண்டாம். பழைய சீட்டுகளோடு இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காதுக்கு முன்னாலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அவர் தொட்டுப் பார்ப்பார். உங்கள் கண்ணையும் அன்றைக்கே காட்டிவிடலாம்.